குண்டு விழுந்த தூரம்

அன்புள்ள மச்சான்,

முதலில் உன்னைத் திட்டித் தீர்த்துவிடுகிறேன். "இனிமே என் வீட்டு வாசப்படி மிதிக்காத" என்று நான் கத்தினால் அதை அப்படியே எடுத்துக்கொள்வதா? என் தங்கையைக் கட்டியவன் நீ. நாலு நாள் முறைத்துக்கொண்டு இருந்துவிட்டு ஐந்தாம் நாள் வந்து காபி கேட்டிருக்க வேண்டாமா? மூன்று வருஷம் வரவே இல்லை. போன ஆடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரேயடியாகப் போய்விட்டாய்.

அன்றைக்கு எனக்குக் கோபம் வந்ததில் என்ன தப்பு? சிதம்பரத்திலிருந்து என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்களை பஸ் ஸ்டாண்டிலிருந்து உன் ஆட்டோவில் கூட்டி வரச் சொன்னேன். நீயோ குண்டு சாலையில் வண்டியை நிறுத்தி அவர்களை வெயிலில் இறக்கிவிட்டாய். "வெள்ளக்காரன் இந்த ஊர எப்படி அளந்தான் தெரியுமா? கோட்டையில இருந்து பீரங்கிய சுட்டான். குண்டு எதுவரைக்கும் போவுதோ அதுவரைக்கும் அவனுக்கு" என்று ஆரம்பித்துவிட்டாய். வாசலுக்கு வந்து சேர்ந்தபோது ராகு காலம் தொடங்கிவிட்டது. அவர்கள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சம்பந்தம் அதோடு போயிற்று.

அவர்கள் எதிரிலேயே உன்னைப் புளுகன் என்றேன். நீ ஏன் ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை? ஆட்டோ ஓட்டுகிறவன் சொன்னால் எவன் நம்புவான் என்றா?

இப்போது கேள். முந்தாநாள் அதே மகள், பரீட்சைக்காக நூலகத்திலிருந்து எடுத்து வந்த ஒரு புத்தகத்தை என் முன்னால் விரித்து வைத்தாள். மராட்டியரிடம் நம் ஊர் தேவனாம்பட்டினக் கோட்டையை வாங்கிய கம்பெனிக்காரர்கள், சுற்றிலும் குண்டு போகிற தூரம்வரை நிலத்தையும் சேர்த்து வாங்கினார்களாம். குண்டு ரொம்ப தூரம் போக வேண்டும் என்பதற்காகவே சென்னையிலிருந்து நல்ல பீரங்கியாகப் பார்த்து வரவழைத்தார்களாம், திருட்டுப் பயல்கள்! அதற்குள் அடங்கிய ஊர்களுக்குக் குண்டு கிராமம் என்றே பெயராம்.

"மாமா ஒரு வார்த்தகூட பொய் சொல்லலப்பா" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் புத்தகத்தைத் தூக்கி எறியப் பார்த்தேன். ஐம்பது வருஷமாக அந்தச் சாலையில் போய் வருகிறேன். ஒரு நாளாவது ஏன் இந்தப் பெயர் என்று கேட்டேனா? கேட்டுத் தெரிந்துகொண்ட நீ புளுகன், கேட்காமலே இருந்த நான் பெரிய மனுஷன்.

அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்கு ஓடினேன். உன் சாவுக்குக் கோடிப் புடவை கொண்டுவந்து வைத்ததற்குப் பிறகு நேற்றுதான் அந்த வீட்டுக்குள் போனேன். தங்கை காகிதத்தைக் கையில் வாங்கவே இல்லை.

"ஏண்ணே, அவரு சொன்னது நெசம்னு காயிதம் கெடச்சதாலதான வந்த? பொய்யாவே இருந்திருந்தா வந்திருக்கவே மாட்டியா?"

மச்சான், காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். இதோ, எழுதும்போதுகூட அதையேதான் கேட்டுக்கொள்கிறேன்: வந்திருப்பேனா? உனக்காவது தெரியுமா?

நாளைக்கும் போவேன். காகிதம் இல்லாமல், வெறுங்கையோடு போவேன். அவள் கதவைச் சாத்தினால் அடுத்த நாளும் போவேன். இது சத்தியம்.

உன்மேலும் என்மேலும் இன்னும் கோபம் ஆறாத
உன் மச்சான்