நீங்கள் உறையவைத்த கடைசிக் கடல்

இஞ்சேருங்கோ,

இருபத்தாறு வருடமாக உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். பேர் சொல்லிக் கூப்பிடும் என்று நீங்கள் கேட்டும் வாய் வரவில்லை. ஒரு காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தீர்கள், பிறகு எழும்பவில்லை. இரண்டு மாதமாகிறது. இப்போதும் குசினிக்குள் நின்று கூப்பிட்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் நினைவு வருகிறது.

இங்கே ஒஸ்லோவில், எங்கள் குரோருட்டில் இன்னும் பனி கரையவில்லை. மகள் துரொண்ட்ஹெய்மிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் போன் எடுத்து, சாப்பிட்டீங்களோ என்று கேட்கிறாள். ஓம் என்கிறேன். பாதி நாள் அது பொய். ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது வேறொரு பொய்யைப் பற்றி.

நீங்கள் போன நாலாம் நாள் இங்ரிட் வீட்டுக்கு வந்தா. பதினாலு வருடம் ஆய்வுகூடத்துக் குளிரறையில் உங்களோடு நின்றவ. சோபாவின் நுனியில் இருந்துகொண்டு, தொட்டியில் நீங்கள் உறையவைத்த ஐஸ் தயாராக இருக்கிறது, நாளைக்கு அதை உருக்கத் தொடங்க வேண்டும், அதற்கு முதல் எனக்கு ஒரு சொல் சொல்ல வந்ததாகச் சொன்னா.

எத்தனை தரம் அதை எனக்கு விளங்கப்படுத்தியிருப்பீர்கள்! வடகடலில் எண்ணெய் கொட்டினால் அது ஐஸுக்கு அடியில் போய் ஒதுங்கும். குளிர் கூடக் கூட அதற்குக் கீழேயும் ஐஸ் பிடித்து, எண்ணெயை நடுவில் பூட்டிவிடும். வசந்தத்தில் சூடு ஏற, ஐஸுக்குள் இருக்கிற மயிரிழை போன்ற உப்புத்தண்ணீர் வழிகளால் அது மேலே வரும். எப்போது வரும், எவ்வளவு வரும் என்று தெரிந்தால்தான் ஆட்கள் போய் அள்ளலாம். அதை அறியத்தான் தொட்டிக்குள் ஒரு சின்னக் கடலை உறையவைத்தீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பாருமன் என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். வெளியில் இருக்கிற குளிர் காணாதோ, உள்ளுக்கும் வந்து பார்க்க வேணுமோ என்று பகிடி விட்டேன். ஒருநாளும் வரவில்லை.

அந்த ஐஸைத்தான் உருக்கப் போகிறார்கள் என்றதும் எப்படியாவது தடுக்க வேண்டும் போல இருந்தது. எனக்குத் தெரிந்த நோர்வே மொழியில், வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"எங்கட முறைப்படி, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடியிற வரைக்கும் செத்தவர் கடைசியாச் செய்த வேலையிலை ஒருத்தரும் கை வைக்கக்கூடாது."

அப்படி ஒரு முறை எங்கே இருக்கிறது? யாழ்ப்பாணத்திலும் இல்லை, ஒஸ்லோவிலும் இல்லை. இங்ரிட் என் கையைப் பிடித்து, விளங்குகிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனா.

அந்தியேட்டி முடிந்த மறுநாள் முதன்முதலாக உங்கள் குளிரறைக்குப் போனேன். உங்கள் ஜாக்கெட்டைத்தான் போடத் தந்தார்கள். கை நீளம், மடித்துவிட்டேன். ஒரு கதவளவு சாம்பல் நிற ஐஸ். இதற்காகவா என் ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் எடுத்தீர்கள் என்று முதலில் கோபம்தான் வந்தது. பிறகு நின்று அழுதேன். சூட்டைக் கூட்டுகிற பொத்தானை இங்ரிட் என்னையே அழுத்தச் சொன்னா.

பத்து நாளால் அவ மறுபடி வீட்டுக்கு வந்தா. எண்ணெய் தொட்டியின் ஓரத்தால் மட்டும் கொஞ்சம் ஏறியதாம், மற்றது உள்ளேயே நின்றுவிட்டதாம். ஐஸை நெடுநாள் வைத்திருந்தால் உள்ளிருக்கிற உப்புத்தண்ணீர் வடிந்து, வழிகள் மாறிப் போகுமாம். இந்த அளவுகளை வைத்து ஒன்றும் எழுத முடியாது என்று மெதுவாகச் சொன்னா.

உங்களை வைத்திருக்கிறேன் என்று நினைத்து, உங்கள் கடைசி வேலையை நானே பழுதாக்கிவிட்டேன். என்னை மன்னிப்பீர்களா? இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? ஏசவாவது நீங்கள் இருந்திருக்கலாம்.

இனியும் மறைக்க எனக்கு மனம் வரவில்லை. "இங்ரிட், அப்பிடி ஒரு முறை எங்களிட்டை இல்லை. நான் பொய் சொன்னனான்" என்றேன்.

அவ கோப்பியை மேசையில் வைத்தா. "எனக்குத் தெரியும். ரொம்மனிலை என்ரை பக்கத்து வீட்டுக்காரர் தமிழ் ஆக்கள். அண்டைக்குப் பின்னேரமே அவையிட்டைக் கேட்டனான்."

"பிறகேன் நீங்கள் உருக்கேல்லை?"

ஐஸ் பழுதாகும் என்று முதலே தெரிந்தவ.

"எனக்கும் அதை உருக்க ஏலேல்லை" என்றா.

உங்களுக்காக அழ இந்த ஊரில் இன்னொருத்தி இருக்கிறா என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

தொட்டியைக் கழுவிவிட்டார்களாம். திங்கட்கிழமை புதுத் தண்ணீர் விட்டு, எல்லாம் முதலில் இருந்து. ஐந்து வாரத்தில், ஐஸ் தயாரானதும் இங்ரிட் கூப்பிடுவா. அந்த ஐஸ் உங்கள் கையால் பிடித்தது இல்லை. ஆனாலும் போவேன். அவவின் கை தயங்கினால் பொத்தானை நான் அழுத்துவேன். இந்த முறை ஒரு நாள்கூடப் பிந்த விடமாட்டேன்.

உங்கட மனிசி,
வதனி