அப்பாவின் ஆயுள் ரகசியம்

எவேலியோ தம்பி,

அப்பா நூற்றிரண்டு வயதுவரை வாழும் ரகசியத்தைக் கேட்க இன்று பல்கலைக்கழகத்தார் வருகிறார்கள். கறுப்பு பீன்ஸ் அடுப்பில் இருக்கிறது. படம் எடுக்கும்போது அப்பா கையில் வெட்டுக்கத்தியைக் கொடு; விறகை நான் வெட்டிவிட்டேன். "எல்லாம் நானேதான் செய்யுறேன்" என்பார், மறுக்காதே.

போன முறை என்னைக் 'குடும்ப ஆதரவு' என்று எழுதிக்கொண்டார்கள். அந்த ஆதரவுக்கு ரத்தக்கொதிப்பு ஏறி, இன்று நிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போகிறது. படுக்கச் சொன்னால் ஒரு வாரம் படுத்துவிடுவேன்.

"உனக்கென்னக்கா, நம்ம வம்சமே நூறைத் தாண்டும்" என்று நேற்று சிரித்தாய். அதுதானடா என் பயம். எனக்கு அறுபத்துநான்குதான் ஆகிறது.

எர்மெலிந்தா

பி.கு.: நான் புறப்படுவதைப் பார்த்து அப்பா, "சாயங்காலம் வந்துருவேல்ல?" என்றார். "வந்துர்றேம்ப்பா" என்றது என் வாய்.

நாளைய தொர்த்தியா ரொட்டிக்குச் சோளத்தைச் சுண்ணாம்பில் ஊறவைத்திருக்கிறேன். நீ தொடாதே, உனக்கு வராது. நானே வந்து அரைத்துக்கொள்கிறேன்.