ஆறு லைஃப் ஜாக்கெட்

வைகாசி 10, இரவு.

இன்றைய மீன்வளத் துறை ஆய்வில் என் விசைப்படகு தேறவில்லை. மீன்பிடித் தடைக்காலம் முடிந்தாலும் கடலுக்குப் போக எனக்கு டோக்கன் தரமாட்டார்கள்.

ஆய்வு நாளில் ஒருவருடைய லைஃப் ஜாக்கெட்டை இன்னொருவர் வாங்கிக் காட்டுவது ஜெகதாப்பட்டினத்தில் வழக்கம்தான். தங்கை புருஷன் சேகர் நேற்றே வந்து என்னுடைய ஆறையும் கேட்டான். "என் போட்டத்தான் மொதல்ல பாக்குறாங்க மச்சான். முடிஞ்சதும் கொண்டாந்துர்றேன்" என்றான். கொடுத்தேன்.

அவன் படகு தேறியது. என் முறை வந்தபோது, "ஜாக்கெட்ட எடு மாப்ள" என்றேன். அதிகாரி பக்கத்திலேயே நின்றார். சேகர் என் முகத்தைப் பார்க்காமல், "இது எங்க போட்டோடது சார், நம்பரப் பாருங்க" என்றான். ஆறிலும் என் படகின் பதிவு எண்ணை மறைத்து, அதன் மேலேயே சிவப்புப் பெயிண்டில் அவனுடைய எண்.

இந்த வருஷம் ஜாக்கெட்டில் படகு எண்ணையும் பார்ப்பார்கள் என்று அவனுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. என்னிடம் மூச்சுவிடவில்லை. நான் உண்மையைச் சொன்னால் தங்கை வீட்டுப் படகும் கரையில் கிடக்கும். வாயை மூடிக்கொண்டேன்.

"அந்த நேரத்துல பயந்து ஒளறிட்டாருண்ணே" என்று தங்கை போனில் அழுதாள். சரி என்றேன். அந்த எண்ணை நான் விரலால் தொட்டுப் பார்த்ததை அவளிடம் சொல்லவில்லை.

பெயிண்ட் நன்றாகக் காய்ந்திருந்தது.