காதுகுத்து முடியட்டும் என்றாயே, வாசுகி

என் ஆசை வாசுகிக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். கேட்டால் "எனக்கென்ன மாமா, நல்லாத்தான் இருக்கேன்" என்பாய். உயிரோடு இருந்தபோதும் அதைத்தான் சொன்னாய். நானும் நம்பிக்கொண்டு பெயின்ட் கடையைத் திறக்கப் போய்விடுவேன்.

முதலில் வீட்டு நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் உன் மகன் கவின், கடையில் திறந்து வைத்திருந்த பிரைமர் டப்பாவுக்குள் இரண்டு கைகளையும் முழங்கை வரை விட்டான். நான் ஒரு காண்ட்ராக்டரிடம் கலர் அட்டையைக் காட்டிக்கொண்டிருந்தேன். அதே கையோடு பின்பக்கம் வீட்டுக்குள் ஓடி, ஃபிரிட்ஜ், பீரோக் கண்ணாடி, கடைசியில் மாலை போட்ட உன் போட்டோ என்று ஒன்றையும் விடவில்லை. தின்னர் போட்டு எல்லாவற்றையும் துடைத்தேன். உன் போட்டோவை மட்டும் துடைக்கவில்லை. கன்னத்தில் அறைந்த மாதிரி ஒரு வெள்ளைக் கை இருக்கிறது. இருக்கட்டும், உனக்கு நன்றாக வேண்டும்.

பையனுக்கு இன்னும் டிரவுசரிலேயே போகும் பழக்கம் விடவில்லை. கேட்டால் "நான் இல்லப்பா, பூனை" என்கிறான். நம் வீட்டில் ஏது பூனை? பெரியவள் தன்விகாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. நான் பின்னிவிடும் சடை பள்ளிக்கூடம் போய்ச் சேருவதற்குள் அவிழ்ந்துவிடுகிறது, டீச்சர்தான் மறுபடி பின்னிவிடுகிறார். நீ ஆசையாய் வைத்த பெயர் இன்னும் நம் ஊர் அரிமளத்தில் யார் வாயிலும் நுழையவில்லை. பால்காரர் அவளைத் தனம் என்றுதான் கூப்பிடுகிறார்.

பொங்கல் லீவில் இரண்டு பேரையும் கோட்டைப்பட்டினம் கூட்டிக்கொண்டு போய்க் கடலைக் காட்டினேன். கவின் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "யாருப்பா இம்புட்டுத் தண்ணியத் தொறந்துவிட்டது?" என்று கேட்டான். பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்த அடுத்த நிமிடமே உன் மேல் ஆத்திரம் வந்தது. பிள்ளைகளுக்குக் கடலைக் காட்ட வேண்டும் என்று நச்சரித்தது நீ. அதையும் "தன்விகா காதுகுத்து முடியட்டும், போவோம்" என்று தள்ளி வைத்தது நீ.

எதைத்தான் நீ தள்ளி வைக்கவில்லை?

கவினுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த நாட்களில் மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டிருக்கிறது. என்னிடம் சொல்லவில்லை. உன் அக்காவிடம் சொன்னாய். செல்வி மதினி, "பால் கட்டியிருக்கும்டி, மல்லியப்பூவ வச்சுக் கட்டு" என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த நாட்களில் வீட்டுக்குள் மல்லிகை வாசம் அடித்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. "தலையில பூவக் காணோம், வாசம் மட்டும் எங்கிருந்து வருது?" என்று கேட்டேன். நீ சிரித்துக்கொண்டே அடுப்படிக்குள் போய்விட்டாய். நான் ஒரு மடையன், என்னென்னவோ நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

கட்டி கரையவில்லை. அதற்குள் உன் தம்பி சிங்கப்பூரிலிருந்து லீவில் வருகிறான், தன்விகாவுக்குத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்த வேண்டும். கெடா வெட்டு, பந்தல், பத்திரிகை, மொய் எழுத ஆள். "காதுகுத்து முடியட்டும்க்கா, இப்ப ஆஸ்பத்திரி அது இதுன்னா எல்லாம் கெட்டுப்போயிரும்." முடிந்தது. அப்புறம் கோயில் திருவிழா வந்தது. அப்புறம் பள்ளிக்கூட அட்மிஷன். தீபாவளி முடியட்டும் என்றாய். நம் பக்கத்தில் எல்லார் வீட்டிலும் இதே கதைதான். பத்திரிகை அடித்துவிட்டால் அந்த வீட்டில் யாருக்கும் நோய் வரக் கூடாது. வந்தாலும் பந்தல் பிரிக்கும் வரை வாயைத் திறக்கக் கூடாது.

கை வீங்கி, குக்கரைத் தூக்க முடியாமல் கீழே போட்டாயே, அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. டாக்டரம்மா, "ஏம்மா இவ்வளவு நாள் வரல?" என்று கேட்டார். நீ தலையைக் குனிந்துகொண்டு, "வீட்ல விசேஷம் இருந்துச்சுங்க" என்றாய். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கும் அப்போதுதானே தெரியும்.

விசேஷத்துக்கு வந்த அத்தனை பேரும் உன் சாவுக்கும் வந்தார்கள், வாசுகி. அதே பந்தல்காரர்தான் பந்தல் போட்டார். யாருக்காக அந்தக் காதுகுத்தைக் காப்பாற்றினாய்? கெடாக்கறியில் உப்புக் கம்மி என்று சொல்லிவிட்டுப் போனார்களே, அவர்களுக்காகவா?

மல்லிகைப்பூ வைத்தியத்தைக் கருமாதி அன்றைக்குத்தான் மதினி சொன்னார்கள். தூணைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். "சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டா தம்பி." அன்றிலிருந்து நான் அவர்களோடு பேசவில்லை. பிள்ளைகளைப் பார்க்க வந்தால் நான் கடைக்குள் போய்விடுவேன். உன் மேல் உள்ள கோபத்தில் பாதியை அவர்கள் மேல் இறக்கி வைத்திருந்தேன். செத்தவளிடம் எப்படிச் சண்டை போடுவது?

இப்போது நீ தெரிந்துகொள்ள வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். கவனமாகக் கேள்.

மாசியில் பள்ளிக்கூட ஆண்டு விழா வந்தது. தன்விகா டான்ஸில் முன்வரிசை. தினமும் கண்ணாடி முன்னால் நின்று ஆடிப் பார்த்துக்கொண்டிருந்தாள். விழாவுக்கு முதல் நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கவின், "அப்பா, அக்கா சாக்ஸ் போட்டுக்கிட்டே தூங்குது" என்றான். அவள் அவன் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். எனக்கு எங்கேயோ சுருக்கென்றது. தட்டைத் தள்ளிவிட்டு, அவள் காலைப் பிடித்து இழுத்துச் சாக்ஸைக் கழற்றினேன்.

கடைக்குப் பின்னால் கிடந்த பலகையில் இருந்த ஆணி அவள் காலில் ஏறியிருக்கிறது. பாதம் வீங்கிச் சீழ் வைத்திருந்தது. நாற்றம் தெரியாமல் இருக்க உன் பவுடர் டப்பாவைக் காலியாக்கியிருக்கிறாள். நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர்கள் ஓடிவந்துவிட்டார்கள்.

"ஏன்டி சொல்லல? எத்தன நாளா இருக்கு? ஏன் சொல்லல?"

அவள் அழவில்லை. உன்னை மாதிரியே தலையைக் குனிந்துகொண்டு, "ஆண்டு விழா முடியட்டும்னு இருந்தேன்ப்பா" என்றாள்.

அவளைத் தூக்கிக்கொண்டு, கவினைப் பெட்ரோல் டேங்கில் உட்கார வைத்து, புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு வண்டியை விட்டேன். ஊசி போட்டு, கீறிச் சுத்தம் பண்ணிக் கட்டுப் போட்டார்கள். கீறும்போதும் சத்தம் காட்டவில்லை. "வலிச்சா கத்து பாப்பா" என்று நர்ஸே சொல்லிப் பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கிறாள் வாசுகி, சிரிக்கிறாள்! வெளியே பெஞ்சில் உட்கார வைத்து, யார் உனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன்.

"அம்மாதான். காது குத்தறப்ப அழுதேன்ல. 'நல்ல நாளும் அதுவுமா வலிக்குதுன்னு சொல்லக் கூடாது, எல்லாரும் பாக்குறாங்க, சிரி'ன்னு காதுக்குள்ள சொன்னுச்சு."

கேட்டாயா? உன் தாலிச் சங்கிலியை அவளுக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன். உன் பட்டுப்புடவைகளை மதினி மடித்து வைத்திருக்கிறார்கள். அதற்கெல்லாம் முன்னால் இதையல்லவா அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய். அன்றைக்கு நீ எதிரே இருந்திருந்தால், உன்னோடு நான் போட்ட சண்டைகளிலேயே பெரிய சண்டை அதுவாகத்தான் இருந்திருக்கும். நீ இல்லாததால் பேசாமல் பிள்ளைகளுக்கு இட்லி வாங்கிக்கொடுத்துக் கூட்டி வந்தேன்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரே பேச்சுத்தான். எங்கே வலித்தாலும் அப்போதே சொல்ல வேண்டும், சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தாலும் சொல்ல வேண்டும். கவின் இதை நன்றாகப் பிடித்துக்கொண்டான். பள்ளிக்கூடம் போகச் சொன்னால் வயிறு வலிக்கும், கத்திரிக்காயைப் பார்த்தால் தலை வலிக்கும். ஏமாற்றுகிறான் என்று தெரிந்தாலும் நான் அதட்டுவதில்லை.

நேற்று அவனுக்குக் காதுகுத்து. எனக்கு அந்தப் பேச்சை எடுத்தாலே எரிந்தது. வேண்டாம் என்றேன். உன் தம்பி ஃபோனில் அழுதான், "அக்கா மகனுக்கு நான் மடி கொடுக்க வேணாமா மச்சான்?" என்று. சரி என்றேன். திருமயம் பக்கத்தில் நம் குலசாமி கோயிலில் வைத்தோம். வேலையெல்லாம் செல்வி மதினிதான் இழுத்துப்போட்டுச் செய்தார்கள். நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மொட்டை போட்டுச் சந்தனம் தடவி, பையனை மாமன் மடியில் உட்கார வைத்தார்கள். ஆசாரி முதல் காதைக் குத்தியதும் கவின், "அய்யோ வலிக்குது, வலிக்குது!" என்று கோயிலே அதிரும்படி கத்தினான். பெண்கள் குலவை போட்டார்கள். மதினி வாழைப்பழத்தை அவன் வாயில் வைத்து, "வலிக்கலன்னு சொல்லுடா சாமி, நல்ல நாளும் அதுவுமா" என்றார்கள்.

உடனே தன்விகா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். "வலிச்சா வலிக்குதுன்னுதான் சொல்லுவான்! நீங்க ஏன் பெரிம்மா பொய் சொல்லச் சொல்றீங்க?"

குலவை நின்றுவிட்டது. யாரோ "வாயப் பாரு" என்றார்கள். மதினி வாழைப்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்கள்.

இலை போட்டாகிவிட்டது. நான் கறிக்குழம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு பந்திக்கு வந்தபோது, மதினி குறுக்கே வந்தார்கள்.

"தம்பி, கொஞ்சம் அங்கிட்டு வாங்க."

"பந்தி முடியட்டும்" என்று சொல்ல வாயெடுத்தேன். நல்ல வேளை, சொல்லவில்லை.

"எனக்கும் இருக்கு தம்பி. இங்கிட்டு, கக்கத்துக்குக் கீழ. கல்லு மாதிரி ஒண்ணு."

"எப்பருந்து?"

"பங்குனியிலருந்து. கவின் காதுகுத்து முடியட்டும்னுதான்…"

வாளியைப் போட்டுவிட்டேன். குழம்பு என் வேட்டியிலும் முன்வரிசை இலைகளிலும் தெறித்தது. உன்னைச் சுடுகாட்டுக்கு அனுப்பிவிட்டு வந்த பிறகும், அந்தத் தூணைப் பிடித்து அழுத பிறகும், அந்த மனுஷி மறுபடி அதையே செய்திருக்கிறார்கள். என்ன கத்தினேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. மதினி வீட்டுக்காரர் சாப்பிட்ட கையோடு எழுந்து வந்தார். கடை வேனில் கிடந்த பெயின்ட் டின்களை இறக்கிவிட்டு எல்லாரையும் ஏற்றினேன். "பந்தி நடக்கையில எங்க போறீக?" என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லவில்லை. தன்விகா பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். வழியெல்லாம் "வலிக்குதா பெரிம்மா? வலிச்சா சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

உன்னைப் பார்த்த அதே டாக்டரம்மாதான். ஸ்கேன் எடுத்துச் சதையில் துளி எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். ரிசல்ட் திங்கட்கிழமை வரும். "எதுவா இருந்தாலும் சின்னதாத்தான் இருக்கு. சீக்கிரமே வந்துட்டீங்க" என்றார்.

சீக்கிரமே வந்துட்டீங்க. இந்த வார்த்தையை உன்னைப் பார்த்து அவர் சொல்லியிருக்க மாட்டாரா? குழம்புக் கறை வேட்டியோடு ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்றுகொண்டு நான் அழுதேன். மதினி மேல் இருந்த கோபம் அங்கேயே போய்விட்டது. உன் மேல் உள்ளது போகவில்லை.

திங்கட்கிழமை மதினியோடு நானும் போகிறேன். என்ன சொன்னாலும், திருச்சியோ மதுரையோ, நான் கூட இருப்பேன். எந்த விசேஷமும் குறுக்கே வராது. இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. காலையில் தன்விகாவிடமும் ஒரு சத்தியம் வாங்கினேன், இனி எதையும் மறைக்க மாட்டேன் என்று. கையில் அடித்துக் கொடுத்தாள். அப்புறம் கையை எடுக்காமல் என்னைப் பார்த்து, "நீயும் சொல்லணும்ப்பா" என்றாள். நானும் அடித்துக் கொடுத்தேன்.

கொடுத்த சத்தியத்தைக் காப்பாற்ற வேண்டும் அல்லவா? அதனால் சொல்கிறேன்.

எனக்கு வலிக்கிறது, வாசுகி.

கோபம் இன்னும் தீராத
உன் மாமா,
தன்விகா, கவின் அப்பா