மிக்ஸியைச் சரி செய்யாதீர்கள்

என்னங்க,

நைட் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் மிக்ஸியைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடாதீர்கள். திங்கட்கிழமை வரை அது ஓடாமலே இருக்கட்டும், எனக்குப் பயிற்சிக்கு வேண்டும். அதில் ஒட்டியிருக்கும் சீட்டையும் கிழிக்க வேண்டாம். அதில் எழுதியிருக்கும் "ஸா ந மார்ஷ் பா" என்றால் பிரெஞ்சில் 'இது வேலை செய்யவில்லை' என்று அர்த்தம்.

"போன்லயே ஆப் இருக்கு, உனக்கு எதுக்குடி பிரெஞ்சு?" என்று நேற்று சிரித்தீர்கள். கம்பெனி கேட்டிலேயே போனை வாங்கி வைத்துக்கொண்டுதான் எங்களை உள்ளே விடுகிறார்கள். புது லைனில் மெஷின் நின்றால் பிரெஞ்சு இன்ஜினியரிடம் வாயால்தான் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை சரியாகச் சொல்லிக் காட்டுகிறவர்களைத்தான் அந்த லைனில் போடுவார்களாம். நான் போகத்தான் போகிறேன்.

இட்லி ஹாட்பாக்ஸில் இருக்கிறது. சட்னி இல்லை, பொடி தொட்டுக்கொள்ளுங்கள். வெளியே போனால் சாவியைக் கீழ்வீட்டு கோவிந்தம்மா அக்காவிடம் கொடுத்துவிடுங்கள்.

கனகு

பி.கு.: சாயங்காலம் நான் வந்ததும் அந்த இன்ஜினியர் மாதிரி முறைத்துக்கொண்டு, "என்ன கோளாறு?" என்று கேளுங்கள். சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் நான் பதில் சொல்லி முடித்த பிறகு.