லாரி உங்கள் ஊர் வழியாக வருகிறது

என் செல்லத்துக்கு,

உன் பதிவுத் திருமணம் முடிந்ததிலிருந்து நீ என் போனை எடுப்பதில்லை. அதனால்தான் கடிதம்.

சுரங்கப்பாதைக்காக மலையில் துளை போட்டு எடுத்த பாறைத் துண்டுகளை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோகிறோம். உலக்கை மாதிரி உருண்டு நீண்டவை. வழியில் ஒன்று உடைந்தாலும், மலைக்குள்ளேயே விரிசல் இருந்ததாக அங்கே எழுதிவிடுவார்கள். அதனால் ஒவ்வொரு பெட்டியிலும் இடைவெளியில்லாமல் ஸ்பாஞ்ச் திணித்து, மூடியைத் திருகி, பெல்ட் போட்டு இறுக்கியிருக்கிறேன். நானும் லாரியிலேயே வருகிறேன்.

"பெத்த பிள்ளையக்கூட நீ இப்படிப் பொத்திப் பொத்தித் தூக்கினதில்ல" என்று உன் அப்பா போனில் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வருகிற வியாழக்கிழமை காலை உங்கள் ஊர் பெட்ரோல் பங்க்கில் நிறுத்தி பெல்ட்டைச் சரிபார்க்கலாம் என்றேன். டிரைவருக்கு எரிச்சல்.

"அதுக்கு முந்தின ஊர்லதான் இறுக்கப்போறோமே மேடம்! மறுபடியும் எதுக்கு? கல்லுக்கு மூச்சு முட்டிடப்போகுது."

"எனக்குத் திருப்தியா இருக்காதுண்ணே. நிறுத்துங்க."

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி, டீ குடிச்சிட்டு மெதுவாவே பாருங்க" என்றார்.

பங்க்கை ஒட்டியே டீக்கடை இருக்கிறதாம். உனக்கு வேலை இருந்தால் பரவாயில்லை, பெல்ட்டுக்காக எப்படியும் நிற்கத்தான் போகிறோம். வருவதாக இருந்தால் தனியாக வராதே. மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா. அவர் குடிப்பது டீயா காபியா என்றுகூட எனக்குத் தெரியாது.

அம்மா