டண்டர்பி என்றொரு பெயர்

சம்பந்தி,

இன்று காலை கிழக்கு லண்டன் பார்க்கிங் ரயில் ஸ்டேஷனடிச் சிப்ஸ் கடையைத் தாண்டும்போது வினிகர் மணம் குப்பென்று வந்தது. பேத்தியைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தேன். பஸ்ஸும் வரவில்லை, முழங்காலும் சொல்வழி கேட்கவில்லை. கடைக் கண்ணாடியில் சாய்ந்து நின்றபோது உங்களுடைய நினைவு வந்துவிட்டது. வடைக்கு வினிகர் ஊற்றித் தின்ற ஒரே மனுசன் நீங்கள்தான். முதல்முறை அதைப் பார்த்த என் மனுசி குசினிக்குள் போய் நின்று சிரித்தா. பிறகு நீங்கள் வரும் நாட்களில் சம்பலுக்குப் பக்கத்தில் வினிகர்ப் போத்தலையும் தானாகவே கொண்டுவந்து வைத்தா.

இதை உங்களுக்குத் தமிழில்தான் எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்த தமிழ் 'சம்பந்தி' என்ற ஒரு சொல் மட்டும் என்பது தெரியும். இங்கிலிஷில் எழுதினால் வரிக்கு வரி மரியாதையாக நடிக்க வேண்டிவரும். முப்பது வருசத்துக்கு மேலாகப் பெற்றோல் ஷெட்டில் நின்று அந்த நடிப்பை நடித்துக் களைத்துப்போனேன். இனி ஏலாது.

அந்த ஒரு சொல்லைக் கலியாண வீட்டில் யாரோ உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். மகளின் மாமனாரைக் கூப்பிட உங்கள் பாஷையில் ஒரு சொல் இல்லையே என்று நீங்கள் பெரிதாகக் கவலைப்பட்டீர்கள். அன்று முதல் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கடைசியாகப் பார்த்த நாள் வரை என்னைப் பெயர் சொல்லி நீங்கள் கூப்பிட்டதே இல்லை.

பெயர் என்றால் உங்களுக்கு ஒரு பித்து இருந்தது. மோர்டனில் உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சாப்பாடு வைக்க இடமிருந்ததை நான் பார்த்ததில்லை. எல்லாம் வரைபடங்கள். பழைய குடிசனக் கணக்கெடுப்பை வைத்து, எந்தக் குடும்பப் பெயர் நாட்டில் எங்கெங்கே இருந்தது என்று நிறம் தீட்டிக் காட்டும் படங்கள். ஸ்மித் என்று போட்டால் நாடு முழுக்கக் கறுக்கும். உங்கள் பெயரை, டண்டர்பி என்று போட்டால் கிழக்கே லிங்கன்ஷயரில் ஒரு நகத்தளவு இடம், ஆற்றுக்கு அப்பால் ஹல் துறைமுகத்தில் ஒரு புள்ளி, லண்டனில் உங்கள் பாட்டனார் ரயில்வே வேலைக்கு வந்து இறங்கிய ஒரு மூலை. அவ்வளவுதான். அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிய ஒரு கிளையும் பிள்ளைகளில்லாமல் முடிந்துவிட்டது என்று, நேற்று நடந்த சாவைச் சொல்வதுபோலக் குரலைத் தாழ்த்திச் சொன்னீர்கள்.

"எனக்குப் பிறகு என் மகள். அவளும் உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்" என்றீர்கள். என்மேல் குறை சொல்லவில்லை. என்றாலும் எனக்கு என்னவோ செய்தது.

பிறகு என் பெயரையும் கொம்பியூட்டரில் தட்டிப் பார்த்தீர்கள். தருமலிங்கம். ஈஸ்ட் ஹாம், பார்க்கிங், ஹாரோ, மோர்டன் என்று புதிய படத்தில் புள்ளிகள் விழுந்தன. உங்கள் முகத்தில் வந்த சந்தோசத்தை எப்படிச் சொல்ல! "எவ்வளவு பெரிய வம்சம் உங்களுடையது" என்றீர்கள். வம்சமுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை என்று சொன்னேன். எங்களில் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. பிள்ளைக்கு ஒரு பெயர், அதற்கு முன்னால் தகப்பனின் பெயர். அடுத்த தலைமுறையில் அந்தத் தகப்பன் பெயர் உதிர்ந்துவிடும். இந்த நாட்டுக்கு வந்து இறங்கியபோது, குடும்பப் பெயர் கேட்ட இடத்தில் நம்மில் பாதிப் பேர் அவசரத்துக்குக் கைக்கு வந்ததை எழுதினோம். நான் என் சொந்தப் பெயரை எழுதினேன். அது என் மனுசியின் பெயருமாகி, மகனின் பெயருமாகி, கடைசியில் உங்கள் மகளின் தலையிலும் விழுந்தது. அந்தப் படத்திலுள்ள மற்றத் தருமலிங்கங்கள் எல்லாம் யாரோ, எவரோ.

நீங்கள் தலையாட்டிக் கேட்டீர்கள். ஆனால் நம்பவில்லை. ஒரே பெயரென்றால் எங்கேயோ ஒரே வேர் இருக்கத்தான் வேணும் என்று உங்கள் எண்ணம்.

அதனால்தானே அந்த மோர்டன் கூத்து நடந்தது. மருந்துக் கடையில் வேலை செய்த பிள்ளையின் சட்டையில் தருமலிங்கம் என்று எழுதியிருந்ததைக் கண்டு, "நான் உங்கள் சொந்தக்காரன்" என்று போய் நின்றிருக்கிறீர்கள். அந்தப் பிள்ளை பயந்துபோய்த் தாயைக் கூப்பிட்டிருக்கிறாள். தாய் உங்களைப் பார்த்த பார்வையிலேயே பாவப்பட்டு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தேத்தண்ணி கொடுத்திருக்கிறா. பிறகு உங்கள் போனிலிருந்தே எனக்கு அழைப்பு.

"அண்ணை, இஞ்ச ஒரு வெள்ளைக்கார ஐயா இருக்கிறார். உங்கட சம்பந்தியாம். நாங்கள் உங்களுக்குச் சொந்தமாம். நீங்கள் எந்த ஊர்?"

எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. ஊரைச் சொன்னேன். "எந்தப் பக்கம்?" என்றா. சொன்னேன். "அப்ப தபால் கந்தோரடிச் சின்னத்தம்பியரைத் தெரியுமோ?" என்றா. "அவர் என்ர அம்மாவுக்கு ஒண்டுவிட்ட தமையன்" என்றேன். "அண்ணை, அவரின்ர மகளைத்தான் என்ர கொழுந்தன் கட்டியிருக்கிறார்" என்றா.

பெயருக்கும் அந்த உறவுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது, சம்பந்தி. எந்த இரண்டு யாழ்ப்பாணத்தாரை ஒரு மேசையில் இருத்தி ஊர் விசாரித்தாலும் தேத்தண்ணி ஆறுமுன் ஒரு உறவு வெளிவரும். நீங்கள் போனை வாங்கியதும் அதை நான் எவ்வளவோ விளங்கப்படுத்தினேன். நீங்கள் "நான் சொன்னேன்தானே" என்று மட்டும் சொன்னீர்கள். அதன் பிறகு அந்த வீட்டுப் பொங்கலுக்கு என்னைக் கூப்பிட மறந்தாலும் உங்களைக் கூப்பிட மறக்கவில்லை.

லிங்கன்ஷயருக்குப் போன நாள் நினைவிருக்கிறதா? உங்களுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியிருந்த காலம். கார் ஓட்டக் கூடாதென்று டொக்டர் சொல்லிவிட்டதால் நான் ஓட்டினேன். மகனும் மருமகளும் வேலை என்று தப்பிவிட்டார்கள். என்ன காற்று அது. டண்டர்பி என்ற கிராமத்தைக் காட்டப் போகிறேன் என்று கூட்டிக்கொண்டு போய் ஒரு புல்வெளியைக் காட்டினீர்கள். நிலத்தில் கொஞ்சம் மேடு, கொஞ்சம் பள்ளம், ஆடுகள். வீதி இருந்தது அந்தப் பள்ளம், வீடுகள் இருந்தது இந்த மேடு என்றீர்கள். கொள்ளை நோயில் அழிந்தது என்று சிலர் சொல்வார்களாம். ஆடு வளர்க்க நிலம் வேண்டுமென்று நிலக்காரன் சனத்தைக் கிளப்பிவிட்டான் என்று வேறு சிலர் சொல்வார்களாம். எதுவென்றாலும் சனம் வெளிக்கிட்டது. போய்ச் சேர்ந்த ஊர்களில் அவர்களை டண்டர்பியார் என்று கூப்பிட்டார்கள். அதுவே பெயராக நிலைத்துவிட்டது.

"ஊரில் இருந்தவரைக்கும் ஒருவனுக்கும் இந்தப் பெயர் இல்லை. ஊர் போனவனுக்குத்தான் ஊரின் பெயர்" என்றீர்கள்.

எனக்கு அது புதினமாகப் படவில்லை. ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட்டில் கடைக்காரர்களை நாங்கள் இன்றைக்கும் விட்டுவந்த ஊரின் பெயரால் கரவெட்டியார், புங்குடுதீவார் என்றுதான் சொல்கிறோம். என் வீடு இருந்த காணியை, சண்டை முடிந்து ஊருக்குப் போனபோது, ஆமி போட்ட முள்ளுக்கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் நானும் பார்த்தேன். அன்றைக்கு உங்களிடம் அதைச் சொல்லவில்லை. குளிர், பசி, திரும்பி ஓட வேண்டிய தூரம். நீங்கள் கம்பி வேலியில் கையை வைத்துக்கொண்டு அழுதீர்கள். நான் பக்கத்தில் நின்றேன். வேறென்ன செய்கிறது.

ஆஸ்பத்திரியில் கேட்டீர்களே, அதுதான் என்னை வருத்திய விசயம். உங்கள் மகள் வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள். அவள் கீழே கோப்பி வாங்கப் போயிருந்த நேரம், ஒக்சிசன் முகமூடியை விலக்கிவிட்டுச் சொன்னீர்கள்: "நான் அவளிடம் கேட்கமாட்டேன். கேட்டால் பாரமாகிவிடும். பிள்ளைக்கு எந்தக் குடும்பப் பெயர் என்ற பேச்சு வந்தால், நீங்கள் ஒரு சொல் சொல்லுவீர்களா?"

"பார்ப்பம்" என்றேன். அதற்கென்ன அர்த்தம் என்று கேட்டீர்கள். ஓமும் இல்லை, இல்லையும் இல்லை என்றேன். சிரித்தீர்கள், சிரிப்பு இருமலாகிவிட்டது. பிள்ளை பிறக்குமுன் நீங்கள் போய்விட்டீர்கள்.

உங்கள் மகளுக்கு அந்தப் பெயரில் ஆசை இருக்கவில்லை. கலியாணத்துக்கு முன்னரே எனக்குச் சொல்லியிருந்தாள். பள்ளிக்கூடத்தில் வருசா வருசம் புது ரீச்சருக்கு எழுத்தெழுத்தாகச் சொல்லி, பிறகு வங்கியில் சொல்லி, கவுன்சிலில் சொல்லி, சீ என்று போய்விட்டதாம். அதிலிருந்து தப்ப அவள் ஓடிவந்த பெயரைப் பாருங்கள், தருமலிங்கம். அதைச் சொல்லிச் சொல்லி அவளும் நானும் எத்தனை நாள் சிரித்திருப்போம்.

பேத்தி பிறந்து, பதிவுக்குப் போக வேண்டிய கிழமை வந்தது. என் மனுசி எங்கள் வழக்கப்படி தகப்பன் பெயராக மகனின் சொந்தப் பெயரைப் போடச் சொன்னா. மகன் ஒரு பக்கமும் சாயவில்லை. "அம்மா, ஸ்கூலில என்னை எல்லாரும் அப்பாவின்ர பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டவை. என்ர பெயரே எனக்குப் பழக்கமில்லை. என்னவெண்டாலும் வையுங்கோ" என்றான். மருமகள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நித்திரையில்லாத முகம். உங்கள் சாவீடு முடிந்து அவள் ஒழுங்காக ஒருநாள் அழவும் நேரமிருக்கவில்லை.

பேசாமல் இருந்திருக்கலாம். அதுதான் எனக்கு லேசு. தருமலிங்கம் என்று வைத்தால் என் பெயர் இன்னொரு தலைமுறைக்கு ஓடும். எங்கள் பரம்பரையில் எவனுக்கும் கிடைக்காத அதிர்ஷ்டம் அது. என் தகப்பனார் என் பெயருக்கு முன்னால் ஒரு எழுத்தாகச் சுருங்கிப்போனார். அவருடைய தகப்பனாரின் பெயர் எனக்குத் தெரியும். அதற்கு அங்கால் தெரியாது. இந்த நாட்டில் நான் தவறிச் செய்த ஒரு காரியத்தால் என் பெயர் நிலைக்கப் பார்த்தது. ஆசை இருந்தது, சம்பந்தி. மறைப்பானேன்.

"பிள்ளை, உங்கட அப்பாவின்ர பெயரை வையுங்கோ" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள். "அப்பா கேட்டவரா?" என்றாள். தமிழில்தான் கேட்டாள், அரைகுறையாக.

"ஓம். உம்மட்டக் கேக்கப் பயந்துபோய் என்னட்டக் கேட்டவர்."

"உங்களுக்குப் பரவாயில்லையா மாமா?"

"எங்களுக்குப் பெயர் முடியிறது பழக்கம்" என்றேன். அவள் பிள்ளையின் தலையில் முகத்தை வைத்து வாய்விட்டு அழுதாள். என் மனுசி என்னை ஒரு பார்வை பார்த்தா. பிறகு போய் அவளுக்குப் பக்கத்தில் இருந்தா. அன்று முழுக்க ஒருவரோடும் கதைக்கப் பிடிக்கவில்லை.

பேத்தியும் நாளைக்கு வளர்ந்து கலியாணம் கட்டி மாற்றிக்கொள்ளலாம். அது அவள் பாடு. நானும் இருக்கப்போவதில்லை. இப்போது இரண்டு பேரும் வேலைக்குப் போக, பிள்ளை என்னோடு. தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏற மூச்சு வாங்குகிறது. உங்களுக்கு வாங்கிய மாதிரியில்லை, இது வயதுக்கு வாங்குவது.

இன்று காலை பிள்ளைக்கு இருமலென்று டொக்டரிடம் கொண்டுபோனேன். அறை முழுக்கச் சனம். நேர்ஸ் கதவைத் திறந்து, "டண்டர்பி?" என்று கூப்பிட்டா. எல்லோரும் திரும்பி, மூலையிலிருந்த வெள்ளைக்காரக் கிழவரைப் பார்த்தார்கள். அவரும் தன்னையோ என்று யோசித்தார். எனக்குக் கதிரையைப் பிடித்து எழும்ப நேரமெடுத்தது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போனேன். நேர்ஸ் என்னைப் பார்த்தா, பிள்ளையைப் பார்த்தா, திரும்ப என்னைப் பார்த்தா.

"கேள்விப்படாத பெயராக இருக்கிறதே. எங்கேயிருந்து வந்தது?"

எனக்கு நல்ல களைப்பு. தெரியாது என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஆனால் கதவடியில் நின்றபடியே சொல்லத் தொடங்கிவிட்டேன். லிங்கன்ஷயரில் ஒரு கிராமம், இப்போது அது இல்லை, அங்கிருந்து வெளிக்கிட்ட சனம் கொண்டுபோனது இந்தப் பெயரைத்தான் என்று. பின்னால் காத்திருந்தவர்கள் பொறுமையிழந்து செருமினார்கள்.

"அப்படியென்றால் அது யாருடைய ஊர்?" என்று நேர்ஸ் கேட்டா.

"எங்களுடைய ஊர்" என்றேன்.